மூன்றாம் வரிசை மரத்துக்குப் பின்னால்

கண்ணு,

இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை போனைக் கையில் எடுத்தேன். நீ நடுவில் "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய், நானும் அப்பாடா என்று விட்டுவிடுவேன். இருபத்தைந்து வருடங்களாக நான் அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். என் தையல் நேராக வரும் அளவுக்கு எழுத்து வராது, பொறுத்துக்கொள். ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் மடித்து வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் படி. ஆனால் கடைசி வரை படி.

போன ஞாயிற்றுக்கிழமை, உன் மகளுக்காக நான் தைத்த துணிக்காட்டைத் துவைத்து மொட்டை மாடிக் கொடியில் போட்டுவிட்டு, வீடியோ காலில் உனக்குக் காட்டினேன். "சூப்பர்மா" என்றாய். அப்புறம் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், "ஏம்மா, அந்த மரத்துக்குப் பின்னாடி யாரோ நிக்கிறாங்களே, யாரது?" என்று கேட்டாய். திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் இருக்கும் அகலமான மரம் துவைத்ததில் ஒடுங்கிப் போயிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெண் பாதி உடம்பு தெரிய நின்றுகொண்டிருந்தாள். "துணி சுருங்கிருச்சு கண்ணு, உள்ள வெச்ச பீஸு வெளிய தெரியுது, வேற ஒண்ணுமில்ல" என்று சமாளித்தேன். நீ சிரித்தாய். "வெறுங்கால்ல நிக்குதேம்மா, முள்ளு குத்தாதா?" என்றாய். அப்போது உன் பக்கத்தில் பாப்பா வீறிட்டு அழ, நீ தலையைத் திருப்பி உன் மனைவியிடம், "எல்லாரும் பெத்துக்கத்தான செய்யறாங்க, உனக்கு மட்டும் என்ன?" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாய். கால் கட்டாகிவிட்டது.

அந்த இரண்டு பேச்சையும் நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் கேட்டேன். அந்த நாளைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் நேராக அங்கே போக எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் துணியைப் பற்றிச் சொல்கிறேன். துணி என்றால் எனக்கு வாய் திக்காது.

நல்லூர் பனியன் கம்பெனியில் என்னை ஓவர்லாக் மெஷினிலிருந்து சாம்பிள் செக்‌ஷனுக்கு மாற்றியது உனக்குத் தெரியும். கட்டிங் வேஸ்ட்டை வைத்துச் சுவரில் மாட்டுகிற மெத்தை விரிப்பு செய்ய வேண்டும், அதில் காடு தெரிய வேண்டும் என்று வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. மேடம் ஒரு போட்டோவைக் காட்டி யாருக்கு வரும் என்று கேட்டார். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. மரம் செடி என்று நான் ஆசைப்பட்டவள் இல்லை. மண்ணரை வீட்டு வாசலில் இருந்த ஒரு முருங்கையைக்கூடக் கம்பளிப்பூச்சி வருகிறது என்று வெட்டிப் போட்டவள் நான்.

துணியில் காடு செய்வது பின்னாலிருந்து முன்னால் வருகிற வேலை. முதலில் ஆகாயம். அதற்கு வெளுத்துப்போன சாம்பல் மெலாஞ்ச், இரண்டு நிற நூல் கலந்த துணி. அதன் மேல் தூரத்து மரங்கள்; அவை ஆகாயத்தைவிட ஒரு சாயல்தான் கூட இருக்க வேண்டும், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வர வேண்டும். அதன் மேல் கொசுவலை மாதிரி ஒரு நெட் துணியை விரித்துத் தைத்தால் பனி இறங்கிவிடும். அப்புறம் மூன்றாம் வரிசை, நீலம் கலந்த பச்சை. நான்காவது கரும்பச்சை. கடைசியில், நம் மூக்குக்கு நேராக நிற்கிற மரங்கள், கிட்டத்தட்டக் கறுப்பு. பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருளும், இது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கம்பெனியில் அது தொல்லை, காட்டில் அதுதான் மரப்பட்டை. அதனால் மரத்தின் நடுவில் மட்டும் ஒரு தையல் ஓட்டி, இரண்டு ஓரத்தையும் சும்மா விட்டுவிடுவேன். தானாகவே சுருண்டு பட்டை உரிந்த மரமாகிவிடும். இலைக்குக் காலர் வெட்டும்போது விழுகிற, வரிவரியாக இருக்கும் ரிப் துணித் துண்டுகள். எல்லாம் முடிந்ததும் பஞ்சு விரிப்பை அடியில் கொடுத்து, மேலிருந்து கீழாக மழை பெய்கிற மாதிரி தையல் ஓட்டுவேன். பார்க்கிறவர்கள் உள்ளே நடந்து போய்விடலாம் போலிருக்கிறது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. உள்ளேயிருந்து யாரோ என்னைப் பார்ப்பது போலத்தான் இருக்கும்.

பக்கத்து மெஷினில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் உட்காருகிறாள். அவளுடைய ஊரே காட்டுக்குள்தான் இருக்கிறதாம். ஏழெட்டுக் காடு நான் தைத்து முடிக்கும் வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "அக்கா, உங்க காட்ல ஆளே இல்ல. எங்க காட்ல எல்லா மரத்துக்கும் பின்னாடி யாராச்சும் இருக்கும்" என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில். விளையாட்டாகத்தான் சொன்னாள். பாதிச் சோற்றோடு டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

உன் மகளுக்கான காட்டில்தான் முதன்முதலாக ஓர் ஆளை வைத்தேன். சாம்பல் துணியில் முக்காடு போட்ட பெண், விரல் நீளம்தான் இருப்பாள். வைத்த கையோடு மூன்றாம் வரிசையில் ஓர் அகல மரத்தை வைத்து அவளை மூடினேன். இருக்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். அந்த மரத்துக்கு எடுத்த துணி சாயப்பட்டறையிலிருந்து வந்து, ஆவி கொடுத்து அழுத்துகிற காம்பாக்டிங் மெஷினுக்குப் போகாத துணி. காம்பாக்டிங்கில் ஓடிய துணி சுருங்க வேண்டியதை முன்கூட்டியே சுருங்கிவிடும். ஓடாத துணி முதல் துவைப்பில் தன் வேலையைக் காட்டும். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்கிற முதல் பாடமே, "எந்தத் துணியா இருந்தாலும் நனைச்சுக் காயவெச்சுட்டு வெட்டுங்க" என்பதுதான். மற்ற துண்டுகள் எல்லாவற்றையும் நனைத்துத்தான் வெட்டினேன். அந்த ஒன்றை மட்டும் நனைக்கவில்லை. மறந்துவிட்டேனா, என் கை வேண்டுமென்றே மறந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இனியும் சுற்றி வளைக்க முடியாது. நீ காட்டில் தொலைந்த கதைக்கு வருகிறேன்.

உனக்கு அஞ்சு வயது. உன் தங்கச்சி பிறந்து மூன்று மாதம். மலையடிவாரத்தில் நம் குலதெய்வக் கோயிலில் கெடா வெட்டு. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வேன் பிடித்து வந்திருந்தார்கள். அந்த மூன்று மாதத்தில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. பாப்பா அழுதால் எங்கோ பக்கத்து வீட்டில் அழுகிற மாதிரி கேட்கும். பால் கொடுப்பேன், ஆனால் அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன். குளித்துத் தலை துவட்டக் கை எழாது. நீ எந்நேரமும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிவாய். அன்று காலையில் வேனில் ஏறும்போது உன் அப்பாவிடம், "ஏனுங்க, எனக்கு என்னமோ மாதிரி இருக்குதுங்க, நான் வரலீங்க" என்றேன். அவர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். நிட்டிங் மெஷினில் ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்தார். "எல்லாரும் பெத்துக்கத்தான செய்யறாங்க, உனக்கு மட்டும் என்ன?" என்றார். அவரும் கோபமாகச் சொல்லவில்லை.

கோயிலில் பாப்பாவை உன் பெரியத்தை மடியில் போட்டுவிட்டு, ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று காட்டுப் பக்கம் நடந்தேன். நீ பின்னாலேயே வந்தாய். கொஞ்ச தூரம் போனதும் கீழே ஓடைச் சத்தம் கேட்டது. பெரிய தண்ணீர், முதல் நாள் மழை பெய்திருந்தது. முந்தானையை உன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "இங்கயே நில்லு, வந்தர்றேன்" என்றேன். நீ தலையாட்டினாய். நான் செருப்பைக் கழற்றினேன். சருகில் நடக்கிற சத்தம் உனக்குக் கேட்கக் கூடாது என்றுதான் கழற்றினேன். திரும்பி வரும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை, கண்ணு. எழுதிவிட்டேன். உன்மேல் வெறுப்பு இல்லை, சத்தியமாக இல்லை. யாரும் என்னைப் பிடித்து இழுக்காத ஓர் இடம், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அது அந்தத் தண்ணீருக்குள் இருப்பதாக என் கால் நினைத்துக்கொண்டது.

இருபது முப்பது அடி போயிருப்பேன். நீ அழ ஆரம்பித்தாய். ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டேன். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நீ அழுதுகொண்டே இருந்தாய், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெற்ற பிள்ளை அழுவதை ஒளிந்து நின்று பார்த்தவள் நான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் உன் அழுகை தானாக நின்றது. நீ என் செருப்பைப் பார்த்துவிட்டாய். ஒன்று குப்புறக் கிடந்தது. அதை நிமிர்த்தி, இரண்டையும் ஜோடியாக, நான் போன திசையிலிருந்து வந்தால் அப்படியே கால் நுழைக்கிற மாதிரி திருப்பி வைத்தாய். பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்துகொண்டாய். அப்புறம் நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாய். முக்காடு போட்டிருந்தேன், நடுவில் மரங்கள், வெளிச்சமும் குறைவு. நீ கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. இருவரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோயில் பக்கமிருந்து உன் பெயரைக் கூவுகிற சத்தம் வந்தது. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் வந்த உயிர். மரங்களைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கமாக ஓடி வந்து, "எங்கடா போய்த் தொலஞ்ச?" என்று உன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். நீ அழவில்லை. செருப்பை எடுத்து என் காலடியில் வைத்து, "செருப்பப் போட்டுக்கம்மா, முள்ளு குத்தும்" என்றாய். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். பையன் தொலைந்தான், அம்மாக்காரி தேடிக் கண்டுபிடித்தாள் என்று ஆகிவிட்டது. "பெத்தவ கண்ணுக்குத்தான் தெரியுமுங்க" என்று ஆளாளுக்கு என்னைப் புகழ்ந்தார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அன்று பெரியத்தை உன்னை மடியில் வைத்து, "பயந்துட்டியா சாமி?" என்று கேட்டாள். "மரத்துக்குப் பின்னாடி ஒரு அம்மா நின்னாங்க" என்றாய். அவ்வளவுதான், அவளுக்கு மெய் சிலிர்த்துவிட்டது. "பச்சைச் சேலைதான கட்டியிருந்தாங்க?" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் ஆமாம் என்று தலையாட்டினாய். நான் அன்று கட்டியிருந்தது சாம்பல் நிறச் சேலை. "காட்டுச் சாமி கன்னிமாருதான் வந்து காவல் நின்னுருக்காங்க" என்று எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். அதிலிருந்து வருடா வருடம் கன்னிமாருக்குப் பச்சைச் சேலை சாத்துகிறோம். நம் ஊர் ராயபுரம் கடையில் அந்தச் சேலையை எடுப்பது என் வேலை. ஒவ்வொரு முறையும் கடைக்காரர் முதலில் விரித்துக் காட்டுவதையே கட்டச் சொல்லிவிடுவேன். அங்கே நின்றது சாமி இல்லை என்று தெரிந்தே சாமிக்குச் சேலை எடுத்தேன்.

நீ மட்டும் தொலைந்த பிள்ளை ஆகிவிட்டாய். பள்ளிக்கூடத்தில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் "இவன் காட்ல தொலஞ்சவனாச்சே" என்று கேலி. உன் கல்யாணத்தன்றுகூட யாரோ மணப்பெண்ணிடம், "கையைக் கெட்டியாப் புடிச்சுக்க கண்ணு, மாப்பள தொலஞ்சுருவாரு" என்றார்கள். நீயும் அசடு வழியச் சிரித்தாய். பஸ் ஏறினால் மெசேஜ், இறங்கினால் மெசேஜ், கடைக்குப் போனாலும் லொக்கேஷன் அனுப்புகிறாய். சொன்ன இடத்தில் நிற்காதவன் என்று யாரும் உன்னைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஆயுசு முழுக்க மெனக்கெடுகிறாய். நான் அதை "என் பையனுக்குப் பொறுப்பு அதிகம்" என்று ஊரில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது உன் மனைவியைப் பற்றிச் சொல்கிறேன், இதற்காகத்தான் இவ்வளவும். பாப்பாவுக்கு மூன்று மாதம். போன வாரம் நீதான் சொன்னாய், "அவ பேசறதே இல்லம்மா, சும்மா உக்காந்துட்டு அழறா, சரியாயிரும்" என்று. தானாகச் சரியாகும் என்று விட்டுவிடாதே. எனக்குச் சரியானது தற்செயல். ஒரு ஜோடி செருப்பால் சரியானது. எல்லாருக்கும் அப்படி அமையாது. நாளைக்கே லீவு போட்டு அவளை டாக்டரிடம் கூட்டிப்போ. குழந்தை டாக்டரிடம் இல்லை, அவளுக்கான டாக்டரிடம். வெளியே என்ன சொல்வார்கள் என்று யோசிக்காதே. "எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்று அவள் சொன்னால், அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியாது என்று எடுத்துக்கொள். எனக்கும் அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது. பாப்பாவை நீ வாங்கிக்கொள், அவளைத் தூங்க விடு. அவளைத் தனியாக விடாதே, ஆனால் போலீஸ்காரன் மாதிரி பின்னாலேயே போகவும் செய்யாதே. பக்கத்தில் உட்கார், அது போதும். அடுத்த மாதம் பாப்பாவுக்கு மொட்டை எடுக்கக் காட்டுக் கோயிலுக்கு வருவதாகச் சொன்னாயே, அது இப்போது வேண்டாம். கன்னிமாரு கோபிக்க மாட்டார்கள். அவர்களுக்கு நடந்தது தெரியும்.

கம்பெனியில் ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டேன். புதன்கிழமை ரயிலில் வருகிறேன். இதைப் படித்த பிறகு நான் வர வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் சொல்லிவிடு, எனக்கு வருத்தம் வரும், ஆனால் நியாயம் என்று எடுத்துக்கொள்வேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தை அவளிடமும் படிக்கக் கொடு. மாமியார்க்காரி தன்னைவிட மோசமான இடத்தில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தவள் என்று தெரிந்தால், அவள் வாய் திறந்து பேசுவாள் என்று ஒரு நம்பிக்கை.

காட்டையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். அந்த மரத்தைப் பிரித்து அகலமாக வேறு மரம் வைக்கலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். தையல் பிரிக்கிற ஊசியை நுழைத்தேன், அப்புறம் எடுத்துவிட்டேன். அவள் நிற்கட்டும். ஆனால் ஒரு வேலை சேர்த்துச் செய்திருக்கிறேன், அதற்குத்தான் இரண்டு நாள் தாமதம். முன்வரிசை மரத்தடியில் பார், பழுப்பு ரிப்பில் நகத்தளவு இரண்டு துண்டு வைத்துத் தைத்திருக்கிறேன். ஜோடியாக, அவள் நிற்கிற பக்கமிருந்து வந்தால் அப்படியே கால் நுழைக்கிற மாதிரி.

"முள்ளு குத்தாதா" என்று ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டது வாய் தவறி வந்ததா, இல்லை அஞ்சு வயதிலேயே நின்றது யார் என்று தெரிந்துகொண்டு, பச்சைச் சேலை என்று எனக்காகத் தலையாட்டினாயா? நான் கேட்கப்போவதில்லை. தெரிந்திருந்தால், என் மானத்தை இத்தனை வருடம் அந்தச் சின்னக் கையில் வைத்துக் காப்பாற்றியவன் நீ. தெரியாதிருந்தால், இப்போது தெரிந்துகொள்.

நீ தொலையவே இல்லை, கண்ணு. நான் நிற்கச் சொன்ன இடத்திலேயேதான் நின்றாய்.

உன் அம்மா